எஃகுக் குழலும் எழுபத்திரண்டு படியும்

இசக்கியம்மாளிடம் வைத்தியம் படிக்க வந்தபோது பால்வண்ணத்துக்கு வயது ஐம்பத்தெட்டு. குருவுக்கு நாற்பத்தொன்று. ஊர் சிரித்தது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாற்பது வருஷம் நாதஸ்வரம் வாசித்த மனிதர். முன்பற்கள் விழுந்து, சீவாளி வாயில் நிற்காமல் போனது. "பல்லுதானே போச்சு, மூச்சு இருக்குல்லா" என்று சொல்லிவிட்டு மலையடி வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்தார். மூன்று வருஷமாக இலை காய வைத்தார், இடித்தார், சலித்தார். ஆவிக்குழலை மட்டும் இசக்கியம்மாள் அவர் கையில் கொடுத்ததே இல்லை.

ஆவிக்குழல் ஒரு சாண் நீளம் இருக்கும். அதன் ஒரு முனையில் சின்னக் குப்பி. உலர்ந்த கற்பூரவள்ளியையும் துளசியையும் பொடித்து அதில் வைத்து, மூடி போட்டு, மூடியை ஸ்பிரிட் விளக்கில் காட்ட வேண்டும். மறுமுனையை வாயில் வைத்து இழுத்தால் இலையின் ஆவி நெஞ்சுக்குள் இறங்கும். இலை சூடாக வேண்டும், கருகக் கூடாது. கருகிவிட்டால் வருவது புகை. சூட்டை அளந்து சொல்ல யந்திரம் எதுவும் கிடையாது, கைதான் எல்லாம்.

ஒருநாள் காலையில் இசக்கியம்மாள் சொன்னாள்: "அக்கா மகளுக்குப் பிரசவம். பன்னெண்டு நாள்ல நான் நாகர்கோவில் போறேன். வர ரெண்டு மாசம் ஆகும்."

"போயிட்டு வாங்கம்மா. நான் பாத்துக்கிடுதேன்."

"பிரம்மாச்சிக்கு யாரு குழல் குடுப்பா?"

பிரம்மாச்சி இருபத்தைந்து வருஷம் அரிசி ஆலையில் தவிட்டுத் தூசியைக் குடித்தவள். எங்கேயோ யாரோ அவசரக் கையால் குழல் கொடுத்து, புகை நெஞ்சில் ஏறி மயங்கி விழுந்திருக்கிறாள். அன்றிலிருந்து இசக்கியம்மாள் கையைத் தவிர வேறு எந்தக் கையிலிருந்தும் குழலை வாங்கமாட்டாள். வெள்ளிக்கிழமைதோறும் வந்து குழல் பிடித்துப் போனால்தான் அவளுக்கு ராத்தூக்கம்.

"நான் குடுக்கேன்" என்றார் பால்வண்ணம்.

குழல்களைக் காட்டி அவரே கேட்டார்:

"நம்மகிட்ட செம்பு, கண்ணாடி, எஃகுன்னு மூணு குழல் இருக்கு. இதுல எதும்மா உசத்தி?"

"நீங்களே பாத்துச் சொல்லுங்க, அண்ணாச்சி."

மனிதர் அன்றைக்கே ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினார். மூன்று பக்கத்தில் மூன்று தலைப்பு எழுதினார். நினைத்தால் முடிக்காமல் விடுகிற ஆளில்லை அவர். ஆறு நாள், தினம் பத்துத் தடவை, விளக்கு முன்னால் உட்கார்ந்து இழுத்தார், எழுதினார். சோறு ஆறியது. பூனை வந்து மோர்ச்சட்டியை உருட்டியது. அவர் நிமிரவில்லை.

ஏழாம் நாள் நோட்டோடு வந்து நின்றார்.

"செம்பு சட்டுன்னு கொதிச்சுரும். பன்னெண்டு எண்ணுறதுக்குள்ள எடுக்கணும், அசந்தா போச்சு. கண்ணாடியில இலை நெறம் மாறுறது கண்ணுக்குத் தெரியும். ஆனா சூடேற நேரமாகும், ஒரு பக்கம் காயும், ஒரு பக்கம் பச்சையா கெடக்கும். எஃகுதாம்மா ராஜா. மூடிக்குள்ள ஒரு தகடு இருக்கு பாருங்க, சூடேறினதும் டிக்குன்னு அதுவே சொல்லிருது. டிக்குக்கு அப்புறம் இன்னும் நாலு எண்ணி எடுத்து ஒரே இழுப்பா இழுத்தா, ஆவி திரண்டு வருது. துளசி மணம் உச்சந்தலைக்கு ஏறுது."

"எத்தன தடவ பாத்தீய?"

"அறுபது. எஃகு ஒருதரம்கூடக் கருகல."

"நல்லாப் பாத்திருக்கீய" என்றாள் இசக்கியம்மாள். "ஓடையில இருந்து ரெண்டு குடம் தண்ணி கொண்டாங்க. ஒரே நடையில."

ஓடைக்கு எழுபத்திரண்டு படி. அறுபது தடவை சோதித்த மனிதருக்கு இதுதான் பரிசா என்று அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் குடங்களை எடுத்துக்கொண்டு இறங்கினார். ஏறும்போது நாற்பதாவது படியில் கால் நடுங்கியது. நிற்கவில்லை.

மேலே வந்து குடங்களை வைக்கவும் 'டிக்' என்று சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. இசக்கியம்மாள் விளக்கு முன்னால் உட்கார்ந்து எஃகுக் குழலைத் தீயில் காட்டிக்கொண்டிருந்தாள். நாலு எண்ணினாள். எடுத்து நீட்டினாள்.

"இழுங்க, அண்ணாச்சி."

"கொஞ்சம்... மூச்சு வாங்கிக்கிடுதேன்."

"பிரம்மாச்சி மூச்சு வாங்கிக்கிட்டா வருவா?"

வாங்கி வாயில் வைத்தார். பாதி இழுப்பிலேயே மூச்சு அறுந்தது. திணறித் திரும்ப இழுப்பதற்குள், இழுப்பாரில்லாத சூடு குப்பிக்குள்ளேயே நின்று இலையைத் தின்றுவிட்டது. வந்தது புகை. தொண்டை அடைத்தது. இருமினார், குனிந்தார், தூணைப் பிடித்தார். கண்ணில் நீர் கொட்டியது. நாற்பது வருஷம் ஏவின வேலையைச் செய்த மூச்சு, கூப்பிட்டும் வரவில்லை. பால்வண்ணத்துக்கு வாழ்க்கையில் முதல்முறையாகப் பயம் பிடித்தது.

வெகுநேரம் கழித்துத்தான் பேச்சு வந்தது.

"என்னம்மா செஞ்சீய?"

"உங்க நோட்டுல உள்ளபடிதான் செஞ்சேன்" என்றாள் இசக்கியம்மாள். குப்பியைத் திறந்து கரியைத் தட்டினாள்.

பால்வண்ணம் எழுந்தார். குடங்களில் இருந்த தண்ணீரைத் துளசிக்கு ஊற்றினார். காலிக் குடங்களோடு மறுபடி படி இறங்கினார்.

அடுத்த நாலு நாளும் இதே கதைதான். இறங்குவார், ஏறுவார், மூச்சு முட்ட முட்டக் குழலை எடுத்து இழுப்பார், இருமுவார், எழுதுவார். அந்தத் துளசிப் பாத்தி பிறந்ததிலிருந்து அவ்வளவு தண்ணீர் கண்டதில்லை. முழங்கால் வீங்கியது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு மறுபடியும் இறங்கினார்.

வியாழக்கிழமை மாலையில் வந்து சொன்னார்: "செம்பு. எட்டு எண்ணிக்கை. சின்ன மூச்சுக்கு அதாம்மா தோது. சட்டுன்னு சூடாகும், சட்டுன்னு ஆறும்."

இசக்கியம்மாள் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். "நாளைக்குக் காலைல பிரம்மாச்சி வாரா" என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை ஆட்டோவில் வந்து இறங்கினாள் பிரம்மாச்சி. வாசலில் இருந்து உள்ளே நாற்காலிக்கு வருவதற்குள் மூன்று இடத்தில் நின்றாள். விளக்கு முன்னால் பால்வண்ணம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இவரா குடுக்கப் போறாரு?"

"அவருதான்" என்றாள் இசக்கியம்மாள். அவள் பையும் செருப்பும் வாசலில் தயாராக இருந்தன.

"ஒரு பொட்டுப் புகை வந்தாலும் நான் எந்திச்சுப் போயிருவேன். பொறவு இந்தப் பக்கமே எட்டிப் பாக்க மாட்டேன்."

"சரிம்மா" என்றார் பால்வண்ணம்.

செம்புக் குழலில் இலையை வைத்தார். தீயில் காட்டினார். ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணினார். எட்டு வந்தது. எடுத்தார். நீட்டவும் போனார். அப்போதுதான் அவள் மூச்சு அவர் காதில் விழுந்தது.

படியேறின அவர் மூச்சு தலைதெறிக்க ஓடிய மூச்சு. இவளுடையது ஓடவே இல்லை. இரண்டு சின்ன இழுப்பு, அப்புறம் ஒரு தடை, பிறகு விசில் அடித்தபடி நீளமாக வெளியே போனது. எழுபத்திரண்டு படியை எழுநூறு தரம் ஏறினாலும் அவருக்கு இந்த மூச்சு வராது.

கை நின்றது. குழலைக் கீழே வைத்தார்.

"என்ன?" என்றாள் பிரம்மாச்சி, சந்தேகமாக.

"ஒரு நிமிசம் பொறுங்கம்மா."

ஜோடி நாதஸ்வரத்தில், பக்கத்து ஆள் மூச்சு எடுக்கிற இடத்தில் இவர் நாதத்தைத் தாங்க வேண்டும். நாற்பது வருஷமாகக் காது பழகின வேலை அது. நோட்டை ஒதுக்கிவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டார். இரண்டு இழுப்பு, தடை, விசில். இரண்டு இழுப்பு, தடை, விசில். இசக்கியம்மாள் சுவரில் சாய்ந்து நின்றாள், அவசரப்படுத்தவில்லை. வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அதற்கும் யாரும் அசையவில்லை.

பழைய இலையைத் தட்டிவிட்டுப் புது இலை வைத்தார். விசில் தொடங்கும்போது குழலைத் தீக்குக் கொண்டுபோனார். விசில் தேய்கையில் எடுத்தார், அவள் உதட்டுக்குக் கொடுத்தார். அவள் பயந்து பயந்து இழுத்தாள். இரண்டாவது இழுப்பு முடிந்ததும் தடை வருமுன் வாங்கிக்கொண்டார். மறுபடி விசில், மறுபடி தீ. இப்படி அரைமணி நேரம் போனது. அவருக்கு முதுகு வியர்த்தது.

குப்பியைத் திறந்து கவிழ்த்தார். இலை தேயிலை நிறத்தில் விழுந்தது. கரி ஒரு துணுக்குகூட இல்லை.

பிரம்மாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள். நன்றி கின்றி என்று அவள் எதுவும் சொல்லவில்லை. பால்வண்ணத்தைப் பார்த்துக் கேட்டாள்: "அடுத்த வெள்ளிக்கிழமை எத்தன மணிக்கு வர?"

"எப்பவும் போல வாங்கம்மா" என்றார்.

அவள் போன பிறகு நோட்டை எடுத்தார். புதுப் பக்கம் திருப்பினார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். வாசலில் இசக்கியம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இன்னிக்குள்ளதுக்கு என்ன தலைப்பு போட? செம்புன்னா, எட்டு எண்ணிக்கைன்னா?"

இசக்கியம்மாள் பையைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"பிரம்மாச்சின்னு போடுங்க, அண்ணாச்சி."