ஹோஸில் கிடந்த மிச்சம்

தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு குடோன். அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டச் சொல்லித்தருகிறவள் செலஸ்டினா. படிக்க வந்த சுடலைமணிக்கு அவளைவிட இருபது வயது கூட. காலமெல்லாம் லாரி ஓட்டிய மனுஷன். சாவியைத் திருகினால் வண்டி நிற்கணும், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த சாஸ்திரம்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்ததும் அவர் கை சாவிக்குப் போனது. கேட்டுக்கு வெளியே மருமகன் இசக்கிராஜ் பைக்கோடு நின்றான். பொங்கலன்று "என் வாசப்படிய மிதிக்காத" என்று இவர் விரட்டியவன். இப்போது மகள் செண்பகத்துக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு அவளை அப்பன் வீட்டுக்கு அனுப்புவதா வேண்டாமா என்று பேசத்தான் வந்திருந்தான்.

"கோவமெல்லாம் தீந்துபோச்சு டீச்சர். நறுக்குனு ரெண்டே கேள்வி கேட்டுட்டு வந்துருதேன்."

"சாவிய விடுங்க அண்ணாச்சி. முதல்ல சிலிண்டர் வால்வ மூடுங்க."

சீட்டுக்குப் பின்னால் படுத்திருந்த கேஸ் சிலிண்டரின் வால்வை மூடினார். இஞ்சின் அதுபாட்டுக்கு ஓடியது.

"என்ன கொடுமை இது! மூடுன பொறவும் ஓடுதே?"

"சிலிண்டர்லருந்து இஞ்சினுக்குப் போற ஹோஸத் தொட்டுப் பாருங்க."

தொட்டவர் வெடுக்கென்று கையை இழுத்தார். "யம்மா! ஐஸு!"

"இந்த புரொபேன் கேஸு தண்ணியாட்டம்தான் வெளிய வரும். இஞ்சின் சூட்டுல ஆவியாகி, காத்தோட கலந்து எரியும். வால்வ மூடியாச்சு, இனிமே வராது. ஏற்கெனவே வந்தது ஹோஸுக்குள்ள கிடக்குல்ல?"

"சாவிய அணைச்சா?"

"வண்டி நிக்கும். அது அப்படியே கிடக்கும். நாளைக்கு சிலிண்டர் மாத்த வாறவன் மூஞ்சில அடிக்கும். மிச்சம் எரிஞ்சு தீந்து, தானா நிக்கட்டும்."

சுடலைமணி சீட்டில் உட்கார்ந்து கேட்டைப் பார்த்தார். இசக்கிராஜ் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"பொங்கலன்னைக்கு அத்தன பேரு முன்னாடி என்னய எதுத்துப் பேசிட்டான் டீச்சர்."

இஞ்சின் ஓடியது.

"நானும் கூடத்தான் பேசிட்டேன். பாதிச் சோத்துல எந்திச்சுப் போனான்."

இஞ்சின் ஓடியது.

"எம்புள்ள அந்த எலையப் பாத்து அழுதா."

இஞ்சின் இரண்டு தடவை விக்கியது. பிறகு தானாகவே நின்றது. சுடலைமணி சாவியைத் திருகி எடுத்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேட்க வைத்திருந்த கேள்வி இரண்டும் எங்கே போச்சோ, நினைவுக்கு வரவில்லை.

"இப்ப அவன்ட்ட நான் என்னன்னு கேக்க, டீச்சர்?"

"சாப்ட்டீங்களா மாப்ளேன்னு கேளுங்க, அண்ணாச்சி."