குரங்கின் முகமூடியில் ஊசிமுனை இடமில்லை

ஒரு காட்டில், அதுவும் கடல் தாண்டிய ஜாவாத் தீவின் காட்டில் நடந்த கதை இது. இதில் ஓரிடத்தில் நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள். அது இப்போது இல்லை. முன்னாலேயே சிரிக்கிறவர்கள் வாயை மூடுங்கள்.

அந்தக் காட்டில் ஒரு முள்ளம்பன்றி, பெரிய அத்திமரத்தின் பொந்தில் தன் குட்டியோடு குடியிருந்தது. மரத்தில் முகமூடி செதுக்கி அதில் பாத்திக் என்னும் மெழுகுச் சாய வேலை செய்வது அதன் தொழில். தன் உடம்பிலிருந்து உதிர்ந்த முள்ளைச் சூடான மெழுகில் தொட்டு, மரத்தின் மேல் கொடியும் பூவும் வரையும். பிறகு முகமூடியைச் சாயத் தொட்டியில் முக்கும். கடைசியில் கொதிக்கும் நீரில் போட்டால் மெழுகு உருகிப் போய்விடும். மெழுகு இருந்த இடத்தில் சாயம் ஏறியிருக்காது. கொடியும் பூவும் வெள்ளை வெளேரென்று தெரியும்.

மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. இதை மட்டும் மறக்காதீர்கள். சிரிப்பு இதற்குள்தான் இருக்கிறது.

அந்த வருடம் சிறுத்தை ராஜா ஓர் அறிவிப்புச் செய்தது. முகமூடித் திருவிழாவில் யாருடைய முகமூடி அழகோ, அவருக்கே அந்த அத்திமரம் சொந்தம்.

அதே காட்டில் இருந்த ஒரு குரங்குக்கு நாக்கில் எச்சில் ஊறியது. மரம் கைக்கு வந்ததும் முதல் வேலையாகப் பொந்தை மண் போட்டு அடைக்கப் போவதாக அது காடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தது. மெழுகுப் புகையில் அதற்குத் தும்மல் வருகிறதாம். முள்ளம்பன்றிக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அப்படியும் அது குரங்கைப் பார்த்து, "தம்பி, வேலை தெரியாமல் போட்டிக்கு வராதே. வந்து உட்கார், சொல்லித் தருகிறேன்" என்றது.

"உன் முன்னால் கைகட்டி உட்கார நான் என்ன உன் குட்டியா?" என்று குரங்கு வாலைச் சுழற்றிக்கொண்டு போய்விட்டது.

மறுநாள் காலையில் அதே குரங்கு, மரத்துக்குப் பின்னால் ஒளிந்து, பட்டையில் இருந்த வெடிப்பில் காதை ஒட்டிக்கொண்டு நின்றது. தொழில் ரகசியம் காதில் விழாதா என்றுதான்.

முள்ளம்பன்றியோ சாயத்துக்குப் பட்டை உரிக்கக் குட்டியோடு மலைக்குப் போயிருந்தது. பொந்துக்குக் காவலாக இருந்தது ஒரு மைனா. யார் குரலையும் அப்படியே பேசிக்காட்டும் மைனா. வெடிப்புக்குக் கீழே தொங்கிய வாலை அது பார்த்துவிட்டது.

மைனா முதலில் குட்டியின் கீச்சுக் குரலில் கேட்டது: "அம்மா, மெழுகு எங்கெல்லாம் வைக்கணும்?"

பிறகு முள்ளம்பன்றியின் கரகர குரலில் பதில் சொன்னது: "எங்கெல்லாம் அழகு வேண்டுமோ அங்கெல்லாம்."

"எல்லா இடமும் அழகா வேணும்னா?"

"ஊசிமுனை இடம் விடாமல் பூசு. காய்ந்ததும் இன்னொரு பூச்சு. இதை வெளியே சொல்லிவிடாதே, கண்ணு."

குரங்கு சத்தமில்லாமல் நழுவியது. எங்கே போனது என்கிறீர்கள்? தேன்கூடு தேடித்தான். இருபத்தேழு இடத்தில் கொட்டு வாங்கி மெழுகு சேர்த்தது. வீங்கிய முகத்தோடு மூன்று நாள் உட்கார்ந்து பூசியது. நெற்றியில் பூச்சு, மூக்கில் பூச்சு, காது ஓட்டைக்குள்ளும் பூச்சு. அதன் மேல் இன்னொரு பூச்சு. நீலத் தொட்டியில் நான்கு முறை, பழுப்புத் தொட்டியில் ஐந்து முறை முக்கி எடுத்தது. மெழுகின் மேல் திட்டுத் திட்டாகச் சாயம் படிந்ததைப் பார்த்து, "அடேயப்பா, உள்ளே என்னென்ன பூத்திருக்கிறதோ" என்று தன்னையே மெச்சிக்கொண்டது.

இன்னும் சிரிக்காதீர்கள். இதோ வந்துவிட்டது.

திருவிழாவன்று ராஜாவின் முன்னால் பெரிய கொப்பரையில் நீர் கொதித்தது. முள்ளம்பன்றியின் முகமூடி முதலில் இறங்கியது. வெளியே வந்தபோது பழுப்பு நெற்றியில் மல்லிகைக் கொடி ஓடியது, நீலக் கன்னத்தில் வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்திருந்தது. கூட்டம் வாயைப் பிளந்தது.

குரங்கு மார்பை நிமிர்த்தி வந்து தன்னுடையதைப் போட்டது. மெழுகு குடம் குடமாக மிதந்தது. கரண்டியால் முகமூடியை எடுத்தார்கள். அன்று காலைதான் வெட்டியது போல வெறும் மரம்.

ராஜா திருப்பித் திருப்பிப் பார்த்தது. "மரம் நல்ல மரம்தான். இதில் நீ என்னப்பா செய்தாய்?"

"மகாராஜா, இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும். வெட்கப்படுகிறது போல."

இன்னும் கொஞ்சம் கொதித்தது. இன்னும் கொஞ்சம் வெளுத்தது.

அத்திமரம் முள்ளம்பன்றிக்கே என்று ராஜா சொல்லிவிட்டது. குரங்கு பாய்ந்து வந்தது. "அக்கா, இது அநியாயம். ஊசிமுனை இடம் விடாமல் பூசச் சொல்லி உன் குட்டியிடம் நீதானே சொன்னாய்? நான் என் காதால் கேட்டேன்."

"என்றைக்குத் தம்பி?"

"சொல்லித் தருகிறேன் என்று என்னைக் கூப்பிட்டாயே, அதற்கு மறுநாள் காலையில்."

"அன்றைக்கு நானும் குட்டியும் மலையில் அல்லவா பட்டை உரித்துக்கொண்டிருந்தோம்."

அப்போது முள்ளம்பன்றியின் அதே கரகர குரல் கேட்டது: "காய்ந்ததும் இன்னொரு பூச்சு, கண்ணு."

முள்ளம்பன்றியின் வாய் மூடியே இருந்தது.

குரங்கு மெல்ல, மிக மெல்ல, அண்ணாந்து பார்த்தது.

நீதி: கேட்டால் கிடைக்கும் பாடத்தை ஒளிந்து திருடுகிறவனுக்கு, சொன்னது யார் என்றுகூடத் தெரியாது.