அளவு தப்பாத மருந்து

கடல்மீன் தொட்டி வளர்க்கிறவர்கள் தூத்துக்குடியில் கொஞ்சப் பேர்தான். அந்தக் கொஞ்சப் பேருக்கும் குரு ஒருவர்தான். பெயர் பெனிட்டா. வயது முப்பத்தெட்டு. ஒரு காலத்தில் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவர் என்பதால் எங்கள் எல்லாருக்கும் டீச்சர்.

டீச்சருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கேள்வி கேட்டால் பாதி பதில்தான் வரும். மீதியை எதையாவது கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார். நானும் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் என்பதால் சொல்கிறேன்.

அருமைநாயகம் அண்ணாச்சி எங்களில் மூத்த சீடர். டீச்சரைவிடவே இருபது வயது பெரியவர். ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் மருந்து கட்டிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். எந்த மருந்தை எந்த எடைக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

அவருடைய தொட்டி முன்னறையில் இருந்தது. அதற்கு எதிரே அவர் மனைவி ஞானப்பூ மதினியின் கட்டில். வாதம் வந்து வலது பக்கம் விழுந்த பிறகு மதினிக்கு நாளெல்லாம் பார்க்க இருந்தது அந்தத் தொட்டிதான். அதில் பதினோரு வயதுக் கோமாளி மீன் ஒன்று இருந்தது. சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் மேலே வந்து தலைகாட்டும் என்பதால் மதினி அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்.

வாதம் வந்து இரண்டு மாதம் மதினி வாய் திறக்கவில்லை. மூன்றாம் மாதம் ஒரு மத்தியானம் வாய் கோணக் கோண முதல் வார்த்தை வந்தது. தீனிப்பண்டாரம் என்று மாப்பிள்ளையைத் திட்டினார். அதிலிருந்து பேச்சு ஒவ்வொன்றாகத் திரும்பியது. டாக்டர் எழுதிக் கொடுத்த பயிற்சியை எல்லாம் விட்டுவிட்டு அந்த மீனைத் திட்டித்தான் அவர் பேசக் கற்றார்.

மதினி கம்பில்லாமல் நாலடி நடந்த அன்று கொம்பையா வந்தார். அவரும் டீச்சரின் சீடர், அண்ணாச்சிக்கு நெருங்கிய கூட்டாளி. சந்தோஷத்துக்கு ஒரு ஊதாப் பவளத் துண்டைக் கல்லோடு கொண்டுவந்து கொடுத்தார்.

எங்களுக்குள் ஒரு விதி உண்டு. யாரிடம் எது வாங்கினாலும் நாற்பது நாள் தனி வாளியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொட்டியில் விட வேண்டும். கொம்பையா எதிரே நிற்கும்போது அவர் கொடுத்ததைக் கொண்டுபோய் வாளியில் போட அண்ணாச்சிக்கு மனசு வரவில்லை. கூட்டாளியைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகும் என்று நினைத்தார். நேரே மதினியின் கண்ணுக்கு எதிரே வைத்தார்.

மூன்றே மாதத்தில் கண்ணாடியிலும் கல்லிலும் பவளத்திலும் துரு பிடித்த மாதிரி தட்டைப்புழு அப்பிக் கிடந்தது.

அண்ணாச்சி டீச்சரின் தொட்டிக் கொட்டகைக்கு வந்து கொம்பையாவைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். வேண்டுமென்றே செய்தான் என்றார். என் தொட்டியைப் பார்த்து அவனுக்கு வயிற்றெரிச்சல் என்றார். டீச்சர் வாளி கழுவிக்கொண்டே கேட்டார்.

"புழு உங்க தொட்டியில இருக்கு. கொம்பையா அவர் வீட்டுல இருக்காரு. நீங்க எதைப் பத்திப் பேச வந்தீங்க?"

அண்ணாச்சி மருந்து கேட்டார். டீச்சர் உள்ளே போய் விரல் தடிமனில் ஒரு ரப்பர் குழாயை எடுத்து வந்து கையில் கொடுத்தார். தினமும் காலையில் அரை மணி நேரம் புழுவை உறிஞ்சி வெளியே எடுக்கச் சொன்னார். மூன்று வாரம் கழித்து வந்தால் மருந்து தருவதாகச் சொன்னார். மருந்து ஊற்றும் அன்று இரண்டு டிரம் நல்ல கடல்தண்ணீரும், கழுவிய கரியும் பக்கத்தில் தயாராக இருக்க வேண்டும். அதோடு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மருந்து பாட்டிலைத் திறக்கவே கூடாது என்றார்.

அந்தக் கடைசி விஷயம் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரியும். கரையோரத் தண்ணீர் தொட்டிக்கு ஆகாது. படகுக்காரர்கள் ஆழத்திலிருந்து கேனில் கொண்டுவந்தால்தான் உண்டு. ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள், அன்றைக்கு எல்லாரும் மாதா கோயிலில் இருப்பார்கள். எத்தனை ரூபாய் நீட்டினாலும் ஒரு கேன் கிடைக்காது.

"மருந்துதான் அரை மணி நேரத்துல எல்லாத்தையும் கொல்லுமே டீச்சர். நான் எதுக்கு ஒண்ணொண்ணா உறிஞ்சணும்?"

"செத்த புழுவுலருந்து விஷம் இறங்கும், அண்ணாச்சி."

"எவ்வளவு இறங்கும்?"

"எத்தனை புழு சாகுதோ அவ்வளவு."

நகக்கண் அளவுகூட இல்லாத புழு. அதில் என்ன பெரிய விஷம் இருந்துவிடப் போகிறது என்று அண்ணாச்சி வழியெல்லாம் என்னிடம் முணுமுணுத்தார். முப்பது வருஷம் மருந்தோடு இருந்தவனுக்கு ஒரு ரப்பர் குழாயா என்றார். அவமானமாக இருக்கிறது என்றார்.

நாலு நாள் உறிஞ்சினார். ஒவ்வொரு புழு குழாயில் ஏறும்போதும் கொம்பையாவின் முகம் வந்தது என்று பின்னால் அவரே சொன்னார். ஐந்தாம் நாள் குழாயைச் சுருட்டி அலமாரியில் போட்டார். ஆட்டுக்குக் குடற்புழு நீக்கக் கொடுக்கிற மருந்துதான் இதற்கும் என்று அவருக்குத் தெரியும். கால்நடை மருந்துக்கடையில் ஒரு பாட்டில் வாங்கி வைத்தார். தொட்டியில் கல்லும் மணலும் அடைத்த இடத்தைக் கழித்து, மேலே காலியாக விட்டதைக் கழித்து, உள்ளபடி தண்ணீர் எவ்வளவு என்று கண்டார். அதற்கு எத்தனை மில்லி என்று காகிதத்தில் எழுதினார். ஆனாலும் டீச்சர் சொல்லை மீறத் துணிவில்லாமல் பாட்டிலை மூடியே வைத்திருந்தார்.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் எங்களோடு எதிர் வரிசையில் கொம்பையா உட்கார்ந்திருந்தார். வாய் சும்மா இருக்காத மனுஷன். எட்டுப் பேர் கேட்க, சிரித்துக்கொண்டே சொன்னார்.

"ஊருக்கெல்லாம் மருந்து குடுத்த அண்ணாச்சி, ஒரு புழுவுக்குப் போய் டீச்சர் வாசல்ல நிக்காரு."

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்காக இன்றைக்கும் என்மேல் எனக்கே ஆத்திரம்தான். அண்ணாச்சி பாயசம் வருவதற்குள் இலையை மூடிவிட்டு எழுந்து போனார்.

வீட்டில் என்ன நடந்தது என்பதை அண்ணாச்சியேதான் பிறகு சொன்னார். சட்டையைக்கூட மாற்றாமல் பாட்டிலை எடுத்திருக்கிறார். மருந்தை உறிஞ்சிக்கொள்ளும் என்று வடிகட்டியில் இருந்த கரியை வெளியே எடுத்து வீசியிருக்கிறார். மாற்றிப் போடப் புதுக் கரி இல்லை. டிரம்மில் தண்ணீரும் இல்லை. மதினி கட்டிலில் இருந்தபடி, இன்னைக்கு ஞாயித்துக்கிழமை என்று ஒவ்வோர் எழுத்தாக இழுத்துச் சொல்லியிருக்கிறார். புழுவுக்கு ஞாயிறு திங்கள் கிடையாது என்று அண்ணாச்சி பதில் சொன்னாராம். அப்போது மணி இரண்டு.

பத்து நிமிஷத்தில் புழுக்கள் சுருண்டு உதிர ஆரம்பித்தன. கண்ணாடியிலிருந்து கொத்துக் கொத்தாக விழுந்தன. அண்ணாச்சி மூக்கு கண்ணாடியில் இடிக்க நின்று பார்த்தார். விழ விழக் கொம்பையாவின் பெயரைச் சொன்னார். சாவு, சாவு என்றார். வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை என்று எங்களிடம் தலையைக் குனிந்துகொண்டு ஒத்துக்கொண்டார்.

மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்குது என்று மதினி சொன்னார். அண்ணாச்சி திரும்பவில்லை. மதினி மறுபடியும் சொன்னார். மூன்றாம் தடவை சொல்லும்போது அழுதிருக்கிறார். அதற்குப் பிறகுதான் அண்ணாச்சி புழுவை விட்டு மீனைப் பார்த்தார்.

போன் வந்தபோது டீச்சர் கோயிலிலிருந்து திரும்பிச் சாப்பிட உட்கார்ந்திருந்தார். சோற்றில் கை வைத்தவர் அப்படியே எழுந்தார். தன் தொட்டிகளுக்கு என்று வைத்திருந்த இரண்டு டிரம் தண்ணீரையும் கரியையும் குட்டியானை வண்டியில் ஏற்றினார். என்னையும் கூப்பிட்டுக்கொண்டார். வழியெல்லாம் அவர் திட்டாமல் இருந்தது எனக்குப் பயமாக இருந்தது.

பழைய தண்ணீரை இறைத்தோம், புதுசை ஊற்றினோம், கரியைக் கட்டிப் போட்டோம். பவளம் பிழைத்தது. இறால் பிழைத்தது. இரண்டு நீலக் குஞ்சு மீன்கள் பிழைத்தன. மாப்பிள்ளை நாலு மணிக்குச் செத்தது.

மருந்து எவ்வளவு ஊற்றினீர்கள் என்று மட்டும் டீச்சர் கேட்டார். அண்ணாச்சி காகிதத்தை நீட்டினார். டீச்சர் அதை இரண்டு தடவை படித்தார்.

"அளவு தப்பல."

சொல்லிவிட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். காலி டிரம்மைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். கட்டிலில் மதினி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார்.

ஒன்பதாம் நாள் அண்ணாச்சி கொட்டகைக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. நான் ஒரு தொட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் பேச ஆரம்பித்தார்.

ஒன்பது நாளாக மதினி ஒரு வார்த்தை பேசவில்லையாம். தண்ணீர் வேண்டும் என்றாலும் கரண்டியால் கட்டிலைத் தட்டுகிறாராம். அன்று காலையில் கண்ணாடியில் மூன்று புழு மறுபடியும் தெரிந்ததாம். இன்னொரு தடவை மருந்து ஊற்றப் போவதாகச் சொன்னார். இந்தத் தடவை தண்ணீர், கரி எல்லாம் வாங்கி வைத்துவிட்டேன் என்றார். கொம்பையா இனிமேல் இந்தக் கொட்டகை வாசலை மிதிக்கக் கூடாது என்று டீச்சர் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும் என்றார்.

"எம் பொண்டாட்டி வாயை அடைச்சது அவன்தான் டீச்சர். அந்தப் புழுவைக் கொண்டாந்து விட்டவன் அவன்."

டீச்சர் அவரைக் கொட்டகையின் கடைசியில் இருந்த பெரிய தொட்டிக்குக் கூட்டிப்போனார். அது தாய்த்தொட்டி. எங்கள் எல்லார் வீட்டுப் பவளமும் அதிலிருந்து வெட்டிக் கொடுத்ததுதான். பின்பக்கத்து விளக்கைப் போட்டு, ஒரு கல்லின் அடியைக் காட்டினார். அங்கே நாலைந்து தட்டைப்புழு ஒட்டிக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி குனிந்து பார்த்தார்.

"எத்தனை நாளா இருக்கு?"

"ஆறு வருஷமா."

"அப்போ கொம்பையா கொண்டாந்த கல்லு?"

"நான் குடுத்தது."

துடைத்துக்கொண்டிருந்த துணி என் கையிலேயே நின்றுவிட்டது. அண்ணாச்சி கத்தினார். மரியாதைக்காரர், அதுவரை டீச்சரிடம் குரல் உயர்த்தியதே இல்லை. இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு ஏன் ஒருத்தரிடமும் சொல்லவில்லை என்றார். நீங்களும் ஒரு குருவா என்றார்.

"நாப்பது நாள் வாளியில வைங்கன்னு சொன்னேன். யாருகிட்ட வாங்கினாலும்னு சொன்னேன். என்கிட்ட வாங்கினா வேண்டாம்னு சொன்னேனா?"

டீச்சரின் குரலும் உயர்ந்துதான் இருந்தது. பிறகு கொஞ்சம் இறங்கியது.

"புழு இருக்குன்னு பேரைச் சொல்லியே சொல்லியிருக்கணும். அது என் தப்புதான்."

அதற்காக அண்ணாச்சியின் கோபம் ஆறிவிடவில்லை. ஆறு வருஷமாக ஏன் இதைக் கொல்லாமல் விட்டீர்கள், மருந்து உங்களிடம்தானே இருக்கிறது என்று கேட்டார். 

டீச்சர் ஆணியில் தொங்கிய குழாயை எடுத்தார். ஒரு முனையைக் கல்லடியில் வைத்தார். புழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குழாயில் ஏறிக் கீழே இருந்த குவளைக்குள் வந்தன. எல்லாம் வந்து முடியும் வரை நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அந்தப் புழுவோட மாப்பிள்ளை எத்தனை நாள் இருந்துச்சு, அண்ணாச்சி?"

"மூணு மாசம்."

"நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"சாப்பிட்டுச்சா?"

அண்ணாச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவகிட்ட திட்டு வாங்கிக்கிட்டே சாப்பிடும்னு உங்களுக்கே தெரியுமே டீச்சர்."

"புழு பூராவும் செத்தப்புறம் எத்தனை நாள் இருந்துச்சு?"

அண்ணாச்சி குவளையில் கிடந்த புழுவையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே ஒரு மீன் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

டீச்சர் குழாயை நல்ல தண்ணீரில் அலசி, உதறி, அவர் கையில் வைத்தார்.

"மதினி கட்டில்லருந்து பாத்தா கண்ணாடி பூராவும் தெரியும். புழு எங்க இருக்குன்னு அவங்க சொல்லட்டும். நீங்க எடுங்க."