மூணும் கத்தினாத்தான் தீ

முத்துக்கருப்பாயி மஹால்னு ஒரு கல்யாண மண்டபம். மேனேஜர் பொன்னுரங்கம், சமையல் சடையாண்டி, வாட்ச்மேன் லூர்து. மூணு பேர் மூளையையும் ஒன்னாக் கட்டி எடை போட்டா, கடைக்காரர் கொசுறாவே குடுத்துருவார்.

அன்னிக்கு மண்டபத்தைச் சோதிக்க ஃபயர் ஆபீசர் வர்றார். அவர் கையெழுத்துப் போடலன்னா நாளைக்குக் கல்யாணம் கேன்சல், பொன்னுரங்கம் வேலையும் காலி. மனுசன் பயத்துல இட்லியைக்கூட மெல்லாம முழுங்கிட்டிருந்தார்.

தீப்பிடிச்சா கத்துற மூணு கருவியை மாட்டின மெக்கானிக், போறப்ப சொல்லிட்டுத்தான் போனான். "அண்ணே, ஹால்ல இருக்கிறது, உள்ள புகை நுழைஞ்சா கத்தும். ஸ்டோர் ரூம்ல இருக்கிறது, எரியுற சுவாலையைப் பாத்தாத்தான் கத்தும். சமையல்கட்டுல தாளிக்கிற புகைக்கெல்லாம் கத்தக்கூடாதுல்ல? அதனால அங்க இருக்கிறது சூடு ஏறினாத்தான் கத்தும். ஒன்னோட வேலையை இன்னொன்னு பாக்காது."

ஆபீசர் ஜீப் வாசல்ல வந்து நிக்கிற நேரம் பாத்து, சமையல்கட்டு மூலையில ஒரு சாக்கு புகைய ஆரம்பிச்சுது.

"அண்ணே, தீ!"ன்னான் சடையாண்டி.

"கருவி கத்துச்சா?"ன்னார் பொன்னுரங்கம்.

"இல்லியே."

"கருவியே சொல்லல, நீ யாருடா சொல்றதுக்கு?"

லூர்து தாடையைத் தடவினான். "அண்ணே, இது சூட்டு இலாகா. புகை கேஸை ஹாலுக்குல்ல கொண்டு போகணும்?"

"அதானே!"

சாக்கை இடுக்கியில தூக்கிட்டு ஹாலுக்கு ஓடினாங்க. கருவி வீல்னு கத்துச்சு. போற வழியில திரைச்சீலை பத்திக்கிச்சு. காத்துபட்டு சாக்கும் குப்புன்னு எரிஞ்சுது.

"சுவாலை வந்துருச்சு, ஸ்டோர் ரூமுக்குத் தூக்கு!"

அங்கயும் கத்துச்சு. ஜமக்காளம் பத்திக்கிச்சு. திரும்பச் சமையல்கட்டுக்கு வந்து, மூணாவது கருவிக்குக் கீழ ஸ்டூல் போட்டு, சாக்கைத் தூக்கிப் பிடிச்சான் சடையாண்டி. சூடு ஏறி அதுவும் அலறினதும் பொன்னுரங்கத்துக்குக் கண்ணு கலங்கிருச்சு.

"மூணும் பாஸ்டா!"

ஆபீசர் அலறியடிச்சு உள்ள வந்தார். "யோவ், தீய்யா! தண்ணி எங்க?"

பொன்னுரங்கம் நிதானமா யோசிச்சார். தீ இருந்தா கத்தும். கத்தலன்னா தீ இல்ல. "டேய், கருவி மேல தண்ணியை ஊத்துங்கடா!"

ஊத்தினாங்க. மூணும் கொர்ர்னு இழுத்து அடங்கிருச்சு.

"பாத்தீங்களா சார், ஒன்னும் கத்தல"ன்னு பொன்னுரங்கம் பேப்பரை நீட்டினார். பேப்பரோட மேல் மூலை எரிஞ்சிட்டிருந்தது. ஆபீசர் வாயைப் பொளந்தார்.

"அவசரமில்ல சார். கையெழுத்து கீழதான். தீ அங்க வர இன்னும் நேரமிருக்கு."