மாமனார் நாலு சிப்பம்

சங்ககிரி போகிற ரோட்டில் லாரிக்குக் கூண்டு கட்டுகிற பட்டறைகள் வரிசையாக இருக்கும். எல்லாம் நல்ல பட்டறைகள்தான், ஒன்றும் குறை சொல்வதற்கில்லை. நாம் பேசப்போவது அந்த வரிசையில் கடைசிப் பட்டறையைப் பற்றி. அது அர்த்தநாரியின் பட்டறை. வெல்டர் ராக்கியப்பன், அளவு பார்க்கிற செங்கோடன் என்று வேலைக்கு இரண்டே ஆட்கள். மூன்று பேருக்கும் ஒரே கொள்கை. சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள், எழுதிக் கொடுத்ததை எழுதினபடி செய்வார்கள். நடுவில் சொந்த புத்தியை நுழைத்து வேலையைக் கெடுக்கிற பழக்கம் அங்கே யாருக்கும் கிடையாது.

இந்தக் கொள்கையால்தான் அர்த்தநாரியின் மனைவி வசந்தாமணி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனாள்.

நடந்தது இவ்வளவுதான். சாப்பிடும்போதும் படுக்கும்போதும் அவன் லாரிப் பேச்சே பேசுகிறான் என்று ஒரு நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. "ஒரு மாசத்துக்கு இந்தப் பட்டறைப் பேச்சை வீட்டுல எடுக்காதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள். அவன் எடுக்கவில்லை. அவனுக்கு வேறு பேச்சு தெரியாது என்பதால் ஒரு மாசம் வாயே திறக்கவில்லை. பால் பொங்கி அடுப்பை அணைத்தபோதுகூட எதிரில் நின்று பார்த்துக்கொண்டு சும்மா இருந்தான். முப்பத்தோராம் நாள் காலையில் ஆசையோடு எழுந்து, "வசந்தாமணி, அந்த பின் ஆக்சில் இருக்குதே..." என்று ஆரம்பித்தான். அவள் அதற்குள் பெட்டியோடு பஸ் ஏறிவிட்டாள்.

பாவம், அர்த்தநாரிக்கு அப்புறம் சோறு இறங்கவில்லை. மாமனார் வையாபுரியிடம் போய் நின்றான். அவர் வாசலிலேயே மறித்தார்.

வையாபுரியிடம் ஒரு பழைய கார் இருந்தது. பேர் செவலை. அறுபது வருஷத்துக்கு முந்தின வண்டி. வாலிபத்தில் அவரே கூரையை அறுத்துத் தணித்து, வாலை நீட்டி, சிவப்பு அடித்து, ஊரில் வேறு யாரிடமும் இல்லாத மாதிரி ஆக்கி வைத்திருந்தார். கூடவே, தேங்காய் ஏற்றினாலும் தாங்கட்டும் என்று பின்னால் லாரிக்குப் போடுகிற கெட்டியான பட்டா ஸ்பிரிங்கை மாட்டிவிட்டார். அன்றைக்குத் தாங்கிய முதுகு இன்றைக்குத் தாங்கவில்லை. சின்னக் கல் ஏறி இறங்கினாலும், "ஐயோ, என்ற இடுப்பு!" என்று கத்துவார். வண்டியை விட்டுப் பிரியவும் மனசில்லை, பஸ்ஸில் ஏறவும் கௌரவம் விடவில்லை.

"மாப்பிள்ளை, இந்த வண்டி என்ற இடுப்பு நோகாம என்னைக்கு ஓடுதோ, அன்னைக்கு என்ற பொண்ணைப் பின்சீட்டுல உட்கார வெச்சு நானே கொண்டாந்து விடறேன். அதுவரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்க" என்றார்.

அன்று மாலையே செவலை பட்டறைக்கு வந்துவிட்டது.

கோயம்புத்தூரில் எஸ்தர் என்று ஒரு இன்ஜினியர் அம்மா. பழைய வண்டிகள் குலுங்காமல் ஓட, புது மாதிரி பின் சஸ்பென்ஷன் வரைந்து கொடுக்கிறவர். அவர் செவலையை வந்து பார்த்தார். லாரிப் பட்டாவைக் கழற்றிப் போட்டுவிட்டு, சுருள் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும், ஆக்சிலை வண்டியின் அடிச்சட்டத்தோடு பிடித்துக்கொள்ள நாலு கம்பிகளும் கொடுத்தார். எங்கே எதை வைப்பது என்று படமும் போட்டுத் தந்தார். படத்துக்குக் கீழே மூன்று வரி எழுதியிருந்தார். முதல் வரி: ஒரு பக்கம் என்ன செய்தாலும் மறுபக்கமும் அதையே செய்யவும். இரண்டாவது வரி: உட்காரப் போகிறவர்களின் எடையைப் பின்சீட்டில் ஏற்றி, உயரம் பார்த்த பிறகே முழு வெல்டிங். மூன்றாவது வரி: தளும்பத் தளும்பத் தண்ணீர் ஊற்றிய டம்ளரோடு ஓட்டிப் பார்க்கவும், ஒரு சொட்டு சிந்தக் கூடாது.

அர்த்தநாரி அந்தத் தாளைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்து, சூடம் காட்டி வேலையை ஆரம்பித்தான்.

முதல் நாள் இடது பக்கம் வெல்டிங் அடிக்கும்போது ஒரு பொறி தெறித்து பின்சீட்டின் இடது பக்கத்தில் ஓட்டை விழுந்தது. ராக்கியப்பன் பதறிப்போனான். அர்த்தநாரி பதறவில்லை. தாளை ஒருதரம் படித்தான். செங்கோடன் டேப்பைப் பிடித்து அளந்து சொல்ல, வலது பக்கமும் அதே இடத்தில் அதே அகலத்துக்கு ஒரு ஓட்டை போட்டார்கள்.

இரண்டாம் நாள் இடது மட்கார்டு மேல் ஜாக்கி விழுந்து ஒடுங்கியது. வலது மட்கார்டில் அதே ஒடுக்கு வர நாலு தடவை ஜாக்கியைப் போட வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் தகரம் கொஞ்சம் கெட்டி.

மூன்றாம் நாள் செங்கோடன் சுத்தியலால் இடது கட்டைவிரலில் அடித்துக்கொண்டான். இங்கேதான் கொஞ்சம் பேச்சு வளர்ந்தது.

"வெரல் வண்டியோட சேர்த்தியா, இல்லையாண்ணா?" என்றான் ராக்கியப்பன்.

"வண்டி வேலையிலதானே அடிபட்டுச்சு?" என்றான் அர்த்தநாரி.

"தாள்ல வண்டின்னு எழுதலை. என்ன செய்தாலும்னுதான் எழுதியிருக்குது."

செங்கோடன் இரண்டு பேரையும் பார்த்தான். "வேலைன்னா அதுல ஒரு நேர்மை வேணும்ண்ணா" என்று சொல்லி வலது கட்டைவிரலையும் அடித்துக்கொண்டான். அவன் கண்ணில் தண்ணி வந்தது. அர்த்தநாரிக்கு அவனை நினைத்துப் பெருமையாக இருந்தது.

நாலாம் நாள் ராக்கியப்பன் திடுக்கிட்டு வேலையை நிறுத்தினான். "அண்ணா, ஸ்டீரிங் வலது பக்கம் மட்டும் இருக்குது!"

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். உண்மைதான். இடது பக்கம் ஸ்டீரிங்கே இல்லை. இன்னொரு ஸ்டீரிங் வைக்கிறதா, இருக்கிறதைக் கழற்றுகிறதா என்று டீ ஆறிப்போகிற வரைக்கும் பேசினார்கள். கடைசியில் அர்த்தநாரிதான் தீர்ப்புச் சொன்னான். "நாம என்ன செய்யறோமோ அதைத்தான் ரெண்டு பக்கமும் செய்யணும். ஸ்டீரிங்கை நாம வைக்கலை. கம்பெனிக்காரன் தப்பு அவனோட போகட்டும்."

என்ன நியாயமான தீர்ப்பு என்று இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

அடுத்தது எடை. வையாபுரி எடையில் சந்தேகமே இல்லை. "நான் நூறு கிலோ ஆளு" என்று எல்லாச் சண்டையிலும் சொல்லித்தான் ஆரம்பிப்பார். இருபத்தஞ்சு கிலோ அரிசிச் சிப்பம் நாலை வாங்கிப் பின்சீட்டில் இடது பக்கம் அடுக்கினார்கள். மாமனார் ஆயிற்றே என்று அர்த்தநாரி மேல் சிப்பத்துக்கு ஒரு துண்டு போர்த்தினான். அதற்கப்புறம் அந்தப் பக்கம் யாரும் பீடி பற்றவைக்கவில்லை.

"அக்கா எடை எத்தனைண்ணா?" என்றான் செங்கோடன்.

அர்த்தநாரி திகைத்தான். "தெரியாதே."

"தூக்கிப் பார்த்ததே இல்லையா?"

"ஒருக்கா ஓடையில தண்ணி வந்தப்போ தூக்கினேன். நம்ம வீட்டு ஆட்டுக்கல்லு கனம் இருந்தா."

"குழவியோடவா, குழவி இல்லாமலா?"

அது அவனுக்கு ஞாபகம் இல்லை. எதற்குக் குழப்பம், அவளையே கேட்டுவிடலாம் என்று போன் போட்டான். ஒன்றரை மாசம் கழித்து புருஷன் குரலைக் கேட்கப் போகிறோம் என்று வசந்தாமணி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து எடுத்தாள்.

"வசந்தாமணி, நீ எத்தனை கிலோ?" என்றான்.

அவள் வைத்துவிட்டாள்.

"என்ன சொன்னாங்க?" என்றான் செங்கோடன்.

"ஒண்ணும் சொல்லலை. கோவமா இருக்கறா போல" என்றான் அர்த்தநாரி. அவன் முகம் தொங்கிப்போனது. இரண்டு சிப்பத்தை வலது பக்கம் வைத்து, மேலே ஆட்டுக்கல் குழவியை வைத்தார்கள். இடது பக்கம் கனம் கூடுதலாக, வலது பக்கம் குறைச்சலாக இருக்கிறதே என்று செங்கோடனுக்கு உறுத்தியது. "மாமனாரை நாமளா செஞ்சோம்?" என்று ராக்கியப்பன் கேட்டதும் அவன் அடங்கிவிட்டான்.

மத்தியானம் இரண்டு பேரும் சாப்பிடப் போனார்கள். அர்த்தநாரி போகவில்லை. செவலையின் வலது பின்கதவைத் திறந்து, சிப்பத்துக்கு எதிரில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தான். யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டான். அப்புறம் பேச ஆரம்பித்தான். மனசில் இருந்ததை எல்லாம் பேசினான். பேசி முடித்து மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தபோது நெஞ்சு லேசாகியிருந்தது. நல்லபடியாகச் சொல்லியாச்சு, இனி அவளுக்குக் கோபம் இருக்காது என்று நிம்மதியாகப் போய் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான்.

உயரம் பார்த்து முழு வெல்டிங்கும் அடித்தாகிவிட்டது. மிச்சம் மூன்றாவது வரி. ராக்கியப்பன் ஓட்ட, செங்கோடன் மாமனாருக்கும் வசந்தாமணிக்கும் நடுவில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கட்டைவிரல் இரண்டிலும் கட்டு, பிடிப்பது கஷ்டம்தான். ஆனாலும் விடவில்லை. வேகத்தடை வருகிற போதெல்லாம் ஜாக்கிரதையாக ஒரு மடக்குக் குடித்துக்கொண்டான். திரும்பி வந்ததும் அர்த்தநாரி ஓடிவந்து சீட்டைத் தடவிப் பார்த்தான். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"டம்ளர்ல தண்ணியைக் காணோமே?"

"சிந்தக் கூடாதுன்னுதான் எழுதியிருக்குதுண்ணா. இருக்கணும்னு எழுதலை."

அர்த்தநாரி தாளைப் பார்த்தான். எழுதவில்லை.

மறுநாள் காலையில் ராக்கியப்பன் ஓட்ட, செங்கோடன் முன்சீட்டில் உட்கார, செவலை மாமனார் ஊருக்குக் கிளம்பியது. அர்த்தநாரி வரக் கூடாது என்பது பேச்சு, அதனால் அவன் வீட்டு வாசலில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தான். அந்த எடைக்கு வைத்த அளவு என்பதால் சிப்பங்களும் குழவியும் பின்சீட்டிலேயே போயின. அங்கே போய், வையாபுரியும் வசந்தாமணியும் ஏறுவதற்காகத்தான் அவற்றை இறக்கினார்கள்.

வையாபுரி வண்டியைச் சுற்றிப் பார்த்தார். ஒடுங்கின மட்கார்டுகளைப் பார்த்தார். சீட்டில் இரண்டு ஓட்டைகளைப் பார்த்தார். "அட நாசமாப் போறவனுகளா!" என்றார். பேச்சுக் கொடுத்தாச்சே என்று ஏறினார்.

ஒன்று சொல்ல வேண்டும். இன்ஜினியர் அம்மா எழுதினதை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்த ஆட்கள் இவர்கள். புத்திசாலிகள் யாராவது இருந்தால் அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் மாற்றிக் கெடுத்திருப்பார்கள். செவலை தொட்டில் மாதிரி போனது. ரயில்வே கேட்டைத் தாண்டும்போது வையாபுரி பழக்கத்தில் "ஐயோ" என்று வாயைத் திறந்தார். நோகவில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டார். அடுத்த ஊர் வருவதற்குள் குறட்டை விட்டார். வசந்தாமணி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. அர்த்தநாரி ஓடிவந்து வலது பின்கதவைத் திறந்தான். அவளைப் பார்த்ததும் அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிரித்துக்கொண்டு நின்றான்.

அவள் இறங்கவில்லை. "எங்கிட்டச் சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லீங்களா?"

"எல்லாம்தான் சொல்லிட்டேனே."

"எப்போ?"

"புதன்கிழமை மத்தியானம். நீ ரெண்டு சிப்பமும் ஒரு குழவியுமா இருந்தியே, அப்போ."

வசந்தாமணி ராக்கியப்பனைப் பார்த்தாள். அவன் விஷயத்தை விளக்கினான். அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"சரி. அந்தச் சிப்பத்துக்கிட்டச் சொன்னதை இப்போ எங்கிட்டச் சொல்லுங்க."

"சிப்பம் உங்கப்பா வீட்டுல கெடக்குதே!" என்று அர்த்தநாரி கையைப் பிசைந்தான். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய் எடுத்து வருகிறதா என்று மூன்று பேரும் மும்முரமாகப் பேசினார்கள். செங்கோடன்தான் வழி கண்டுபிடித்தான். "அண்ணா, சிப்பம் இருந்த எடத்துலதானே அக்கா உட்கார்ந்திருக்கறாங்க? அங்கேயே இருக்கட்டும். நீங்க சொல்லுங்க."

அது சரியாகப் பட்டது. அர்த்தநாரி குத்துக்கால் வைத்து உட்கார்ந்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அன்றைக்குச் சொன்னதை அப்படியே சொன்னான்.

"கண்ணு, நீ இல்லாம இந்த வீடு வெறிச்சுனு கெடக்குது. ராத்திரி புரண்டு படுத்தா பக்கத்துல ஆளு இல்லை. நீ வெச்ச ரசம் மாதிரி யாரும் வெக்கறதில்லை. உங்கிட்ட என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியலைதான், ஆனா உம் மொகத்தைப் பார்த்துட்டே இருந்தா எனக்கு அதுவே போதும். வீட்டுக்கு வந்துரு சாமி. இனி எங்கேயும் போகாத."

வசந்தாமணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "இதை மொதல்லயே சொல்றதுக்கு என்னங்க கேடு?" என்று அவன் தலையில் ஒரு குட்டுக் குட்டிவிட்டு இறங்கினாள். நேராகச் சமையல்கட்டுக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்ட ஆரம்பித்தாள். அந்தச் சத்தம் கேட்டு அர்த்தநாரிக்கு உயிர் வந்தது.

அப்போது செங்கோடன் தொண்டையைச் செருமினான். "அண்ணா... முதல் வரி."

அர்த்தநாரிக்கு ஞாபகம் வந்துவிட்டது. நல்லவேளை. மடமடவென்று வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் இடது பின்கதவைத் திறந்தான். வையாபுரி அப்போதுதான் கண்விழித்துக் கொட்டாவி விட்டார். அர்த்தநாரி குத்துக்கால் வைத்து உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கண்ணு, நீ இல்லாம இந்த வீடு வெறிச்சுனு கெடக்குது" என்று ஆரம்பித்தான். ராத்திரி புரண்டு படுப்பதை விடவில்லை, ரசத்தை விடவில்லை, முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதையும் விடவில்லை. "இனி எங்கேயும் போகாத" என்று முடித்து மூக்கைச் சிந்தினான். பட்டறையிலிருந்து பிரித்துக் கொண்டுவந்த தாளைப் பார்த்து, எல்லாம் சரி என்று செங்கோடன் தலையசைத்தான்.

வையாபுரி நிமிர்ந்து உட்கார்ந்தார். எழுபத்திரண்டு வயசில் அவரிடம் ஒருத்தர்கூட இப்படிப் பேசினதில்லை. கண்ணைத் துண்டால் ஒற்றிக்கொண்டார்.

"இவ்வளவு தூரம் சொன்னப்புறம் நான் எப்படி மாப்பிள்ளை போறது?" என்று இறங்கி உள்ளே போனார்.

போனவர் போனவர்தான். ஏழு மாசம் ஆகிறது. தினமும் சாயங்காலம் ரசம் வைத்து, மாப்பிள்ளை பார்த்துக்கொண்டே இருக்கட்டும் என்று எதிரில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.