ஒட்டுக்குக் கீழே

ஒட்டுக் கட்டும் ரசூல் பாயை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது, என் தம்பி ஆண்டியப்பன் ரம்பத்தோடு எங்கள் மாந்தோப்பில் நின்ற அன்று.

தோப்பில் பதின்மூன்று மரங்களை இலை, பட்டை, காய் பார்த்து இன்ன ரகம் என்று எழுதிவிட்டேன். கிணற்றோர மரத்தில்தான் தகராறு. தண்டைத் துளைக்கும் வண்டு அதில் விழுந்திருந்தது. மற்ற மரங்களுக்குப் பரவுமுன் வெட்ட வேண்டும் என்றான் தம்பி. தீர்த்துவைக்கப் பாயை அழைத்திருந்தோம்.

"பாய், இது பவளம் வெச்ச மல்கோவா. அவ போனப்புறம் எனக்குன்னு இருக்கறது இதுதான். வெட்ட விடாதீங்க."

"அண்ணிய இதுல இழுக்காதண்ணே. அவுக வெச்சது எப்பவோ பட்டுப்போச்சு. இது நாட்டு மரம்."

ஆண்டி ஒரு பழத்தைக் கடித்தான். முகத்தைச் சுளித்துத் துப்பினான்.

"இது மல்கோவான்னா நான் கலெக்டர்."

என் கையிலிருந்த பழத்தை நீட்டினேன். பாய் முகர்ந்தார். மல்கோவாதான்.

"ரெண்டு பேரும் எங்க பறிச்சீங்க?"

நான் கிழக்குக் கிளையைக் காட்டினேன். அவன் மேற்கைக் காட்டினான். பாகம் பிரித்ததில் மேற்குப் பக்கம் அவனுக்கு; அதன் பிறகு அந்தப் பக்கம் நான் போனதே இல்லை.

பாய் குந்தி உட்கார்ந்தார். நாற்பது வருஷத்துக்கு முன் இந்தக் கன்றுக்கு ஒட்டுக் கட்டியவர் அவர்தான். அடிமரத்தில் மண்ணை ஒதுக்கினார். முழங்கால் மூட்டு மாதிரி ஒரு புடைப்பு. நாட்டுக் கன்றின் மேல் மல்கோவாவை ஒட்டுக் கட்டிய இடம்.

அதற்கு மேலே கிழக்குக் கிளை. அதற்குக் கீழேயிருந்து வெடித்து வளர்ந்தது மேற்குக் கிளை.

அரிவாளின் புறத்தால் தட்டினார். மேற்கில் கெட்டிச் சத்தம். கிழக்கில் 'டொக்' என்று பொள்ளல் சத்தம். துளைகளிலிருந்து மரத்தூள் கொட்டியது.

"வண்டு மல்கோவாவுலதான். இன்னும் கீழ இறங்கலை. ஒட்டோட அறுத்தா அடிமரம் பிழைக்கும். விட்டா முழுசும் போயிரும்."

"புளிப்ப வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என் குரல் உயர்ந்தது. "அவ வெச்சதையே அறுக்கச் சொல்றீங்களே பாய்!"

ஆண்டி தலையைக் குனிந்துகொண்டான்.

பாய் எழுந்து கைமண்ணைத் தட்டினார்.

"கன்னு வெச்ச புதுசுல, பவளம் தங்கச்சி குடம் குடமா இறைச்சு ஊத்துச்சே. அந்தத் தண்ணி எங்க போச்சு தம்பி?"

நான் குனிந்து ஒட்டுக்குக் கீழே வேரைப் பார்த்தேன்.

ரம்பத்தை வாங்கி என்னிடம் நீட்டினார்.

மறுமுனையை ஆண்டி பிடித்தான்.

கிணற்றோரத்தில் இப்போது நிற்பது நாட்டு மாமரம். பழம் புளிக்கும்.