ஓடாத தாய்க்கு ஒரு பட்டம்

ஒரு காட்டில் விடியற்காலைதோறும் ஒரு புள்ளிமான் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் புலி இல்லை, வேடன் இல்லை, காட்டுத்தீயும் இல்லை. யாருமே துரத்தாதபோது ஒரு பெண்மான் ஓடலாமா? இதுதான் அந்தக் காட்டின் பெரிய கவலை.

அந்த மானின் பெயர் மருதி. பொட்டு என்ற சின்னக் குட்டிக்குத் தாய். பொழுது புலரும்போது குட்டிக்கு வயிறு நிறையப் பால் கொடுக்கும். ஈச்சம்புதருக்குள் படுக்க வைக்கும். "நான் வந்து கூப்பிடும்வரை அசையாதே, கண்ணு" என்று சொல்லிவிட்டு, ஓடைக்கரை வழியாக யானைப்பாறை வரை ஓடித் திரும்பும். வரும்போது மூச்சு வாங்கும். ஆனால் மனம் மழை பெய்து ஓய்ந்த வானம்போல் இருக்கும்.

அந்த வழியில் ஒரு மருதமரம். அதன் நிழலில் காட்டெருமை காராயி படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். வாயில் புல் தீர்ந்தால் ஊர்க்கதையை அசைபோடும்.

"அடி மருதி! குட்டியைப் புதரில் போட்டுவிட்டு அப்படி என்ன ஓட்டம்? நேற்றுக் கொம்பு முளைத்த கிடாமான்கூட உன்னைப் பார்த்துச் சிரிக்கிறதே, தெரியுமா?"

"சிரித்துவிட்டுப் போகட்டும் அக்கா. குட்டி பத்திரமாகத்தான் இருக்கிறது."

மரத்தின் மேலிருந்து இருவாச்சிப் பறவை எட்டிப் பார்த்தது. "தாய் என்றால் என்னைப்போல் இருக்க வேண்டும். மூன்று மாதம் மரப்பொந்துக்குள் வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தேன். இறகெல்லாம் உதிர்ந்தது. ஒரு நாளாவது வெளியே போக வேண்டும் என்று நினைத்திருப்பேனா?"

"நினைத்தாலும் வாசல் அடைத்திருந்ததே, அத்தை" என்றது மருதி.

இருவாச்சிக்குச் சுருக்கென்றது. பக்கத்துக் கிளையிலிருந்த ஆண்மயில் உடனே துணைக்கு வந்தது. "பெரியவர்களிடம் இப்படியா பேசுவது? பிள்ளையைப் பெற்ற பிறகு எதற்கு இந்த ஆட்டபாட்டமெல்லாம்?" என்று கேட்டுவிட்டு, தோகையை விரித்து ஆடப் போனது. மயிலுக்கு ஐந்து குஞ்சுகள் இருந்தன. அவை எங்கே என்று மயிலை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் மயிலுக்குத் தெரியாது.

இந்தப் பேச்சையெல்லாம் மூங்கில் மறைவில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு கிழட்டுச் செந்நாய். போன கோடையில் அது மருதியை மூன்று முறை துரத்தியது. மூன்று முறையும் மருதி விட்டுச்சென்ற புழுதியைத்தான் தின்றது. இப்போது அதற்கு ஒரு யோசனை பிறந்தது.

மறுநாள் அது காராயியின் முன்னால் வந்து பணிவாக உட்கார்ந்தது. காராயியின் கொம்பு எட்டாத தூரத்தில்தான் உட்கார்ந்தது.

"அம்மா, நான் மாமிசத்தை விட்டு நாளாகிவிட்டது. இப்போதெல்லாம் தாய்மையைப் பற்றித்தான் தியானம். அந்த மருதியைப் பார்த்தால் என் நெஞ்சு பதறுகிறது. பாவம், அந்தக் கால்கள்! நீங்கள் எல்லோரும் சேர்ந்து நல்ல வழி காட்டக் கூடாதா? ஒரு மாதம் ஓடாமல் இருந்தால் 'தாய்க்குலத் திலகம்' என்று பட்டம் கொடுங்களேன்."

"நானும் அதைத்தான் நினைத்தேன்" என்றது காராயி. அது அதுவரை எதையும் நினைத்திருக்கவில்லை.

அன்று முதல் மருதி போகும் வழியெல்லாம் அதே பேச்சு. கிளி சொன்னது, குரங்கு சொன்னது, ஆமைகூட "இவ்வளவு வேகம் ஆகாது" என்றது. பேச்சு அம்பைவிடக் கூர்மையானது. அம்பு ஒருமுறை தைக்கும். பேச்சு தைத்த இடத்திலேயே தைக்கும். 'ஒருவேளை நான் கெட்ட தாய்தானோ?' என்று மருதிக்கே தோன்றத் தொடங்கியது. ஒரு விடியலில் அது ஓடவில்லை.

"அம்மா, இன்று யானைப்பாறைக்குப் போகவில்லையா?" என்றது பொட்டு.

"இல்லை, கண்ணு. இனிமேல் உன் பக்கத்திலேயே இருப்பேன்."

காடே புகழ்ந்தது. ஆனால் மருதிக்குப் புல் ருசிக்கவில்லை. உடம்பு கனத்தது. பொட்டு காலைச் சுற்றிச் சுற்றி விளையாடினால் எரிச்சல் வந்தது. பத்தாம் நாள் குட்டியோடு ஒரு மேடேறியபோது நடுவழியில் மூச்சு முட்டி நின்றது. குட்டி மேலே போய் நின்று திரும்பிப் பார்த்தது.

அன்று மாலை இருவாச்சி பூரிப்போடு வந்தது. "மருதி, உன்மேல் அந்தச் செந்நாய்ப் பெரியவருக்கு எவ்வளவு அக்கறை தெரியுமா? 'இன்றும் ஓடவில்லையே? உடம்பு பூசினாற்போல் ஆகிவிட்டதா?' என்று தினமும் வந்து விசாரிக்கிறார்."

மருதிக்குப் போன கோடையின் துரத்தல் நினைவுக்கு வந்தது.

'காராயி அக்காவுக்குக் கொம்பு இருக்கிறது. இருவாச்சி அத்தைக்கும் மயிலுக்கும் சிறகு இருக்கிறது. ஆமைக்கு ஓடு இருக்கிறது. எனக்கு இருப்பது இந்த நாலு கால். அதைத்தானே கேட்கிறார்கள்!'

மறுநாள் முதல் அது ஒரு தந்திரம் செய்தது. விடியலில் எல்லோரும் பார்க்கும்படி புதரருகே படுத்துக் கிடந்தது. உச்சிவெயிலில் காராயி குறட்டை விட, இருவாச்சி கண்ணயர, மூங்கிற்காட்டுக்கு அப்பாலிருந்த வறண்ட ஓடையில் இறங்கி ஓடியது. முதல் நாள் நூறடியில் கால் மடங்கியது. ஐந்தாம் நாள் ஓடையின் வளைவு வரை போனது. பத்தாம் நாள், ஓடை முடியுமிடத்தில் இருந்த பெரிய பாறைப் பிளவை ஒரே தாவாகத் தாண்டியது. தாண்டி நின்று, தனியாகச் சிரித்தது.

ஒரு மாதம் முடிந்தது. பட்டமளிப்பு நாள். குரங்குகள் காட்டுமல்லிகையில் மாலை கட்டின. மருதி பொட்டை ஈச்சம்புதரில் படுக்க வைத்துவிட்டு, தனியாக மருதமரத்தடிக்கு வந்தது.

"தாய்மையின் சிகரமே!" என்று மயில் ஆரம்பித்தது. அதற்குள் மூங்கில் மறைவிலிருந்து செந்நாய் பாய்ந்தது.

காராயி பிட்டத்தைக் காட்டித் திரும்பி நின்றது. மயிலும் இருவாச்சியும் உச்சிக்கிளைக்குப் போயின. ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. நல்வழி காட்டிய ஒருவரும் ஓடும் வழி காட்டவில்லை.

பொட்டு இருந்த திசைக்கு எதிர்த்திசையில் மருதி பாய்ந்தது. மூங்கிற்காடு, வறண்ட ஓடை, வளைவு. ஓடையின் ஒவ்வொரு கல்லும் அதன் குளம்புக்குப் பழக்கம். கொழுத்த மானை நான்கு தாவில் பிடித்துவிடலாம் என்று வந்த செந்நாய்க்கு நானூறு தாவிலும் வால்தான் தெரிந்தது. பாறைப் பிளவு வந்தது. மருதி தாவியது. செந்நாய் விளிம்பில் சறுக்கி நின்று, நாக்கு தொங்க, கீழே பார்த்தது.

"நீ ஓடுவதை நிறுத்திவிட்டாய் என்றார்களே!"

"நிறுத்திவிட்டேன்தான்" என்றது மருதி, "பார்க்கிறவர்கள் முன்னால்."

செந்நாயின் பாதங்கள் கிழிந்திருந்தன. அது நொண்டிக்கொண்டே மலையிறங்கிப் போனது. அப்புறம் அந்தக் காட்டில் அதன் தியானம் நடக்கவில்லை.

மருதி சுற்றுவழியாகத் திரும்பி வந்து, பொட்டைக் கூப்பிட்டது. ஈச்சம்புதருக்குள்ளிருந்து குட்டி எழுந்து வந்து மடியை முட்டியது. மருதி அதை நக்கிக் கொடுத்தது.

இரண்டும் மருதமரத்தடிக்கு வந்தபோது காராயி முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றது. "பட்டம் வாங்கும் நேரத்தில் இப்படியா ஓடுவாய்? சபையில் எங்களுக்கு எவ்வளவு அவமானம்! இனி உனக்குப் பட்டமும் கிடையாது, ஒன்றும் கிடையாது."

"சரி அக்கா" என்ற மருதி, கிளையில் தொங்கிய மல்லிகை மாலையை வாயால் இழுத்துப் பாதியைத் தான் தின்றது. மீதியைக் குட்டியின் முன்னால் போட்டது.

"சாப்பிடு, கண்ணு. நாளை முதல் உனக்கும் ஓடக் கற்றுத் தருகிறேன்."

நீதி: உன் கால்களுக்கு ஓய்வு கொடு என்று உருகுகிறவர் கூட்டத்தில், பல் யாருக்கு இருக்கிறது என்று முதலில் பார்.